நீலமலை நீரில் தூண்டில்: ஒரு பயண ஆயத்தம்

நம் முன்னோர் மக்கள் செல்லும் வழியையும் ஆறு என்றனர். நீர் செல்லும் வழியையும் ஆறு என்றனர். பரிசில் பெற்று மீளும் பாணன், வறுமையோடு எதிர்வரும் பாணனுக்குத் தான் சென்ற வழியை எடுத்துரைத்து அவனை அவ்வழியே செலுத்துவது ஆற்றுப்படை எனப்படும். இடையிலுள்ள ஊர்கள், அவ்வூராரின் இயல்பு, அவர் அளிக்கும் உணவு, வழியிடை அஞ்சத்தக்கவை ஆகிய யாவும் அதன்கண் முறையே கூறப்படும். ஆதலின் ஆற்றுப்படைகளைப் பயண ஆயத்த நூல்கள் என்று கூறினும் பிழையாகாது.

சிறுபாணாற்றுப்படையின் தலைவனாகிய நல்லியக்கோடனுக்குரிய கிடங்கில் என்னும் ஊர் இன்று திண்டிவனத்தைச் சார்ந்துள்ளது. திண்டிவனத்திற்குத் தெற்கே, விழுப்புரம் செல்லும் நெடுஞ்சாலையில், மயிலத்திற்கு வழி பிரியும் இடத்தில் அமைந்தது கூட்டேரிப்பட்டு. எம்முள் ஒருவர்க்கு அதுவே சொந்த ஊர். சென்ற விடுமுறையில் அவர் இல்லத்தில் யாம் ஐவர் கூடி, வருகின்ற கோடையில் நீலகிரிக்குச் சென்று டிரவுட் மீனைப் பொய்யீத் தூண்டிலாற் பிடிப்பதற்கு ஆயத்தம் செய்யத் தலைப்பட்டோம். அவ்வாயத்தத்தில் யாம் கற்றவற்றை ஈண்டு எழுதுகின்றோம். யாம் இன்னும் மலையேறவில்லை. ஆகவே இதனைப் பரிசில் பெற்று மீண்ட பாணனின் கூற்றாகக் கொள்ளாது, வழி வினவி நிற்கும் பாணனின் கூற்றாகக் கொள்ளுமாறு வேண்டுகின்றோம்.

முதல் நாள் யாம் எழுதிய திட்டம் மிக எளியது. விழுப்புரம், உளுந்தூர்ப்பேட்டை, சேலம், மேட்டுப்பாளையம் வழியாக உதகை சேர ஏறக்குறைய 400 கிலோமீட்டர் ஆகும். இத்தனை மணி நேரம், இவ்வளவு கட்டணம், இன்ன விடுதி, இன்ன உணவு என்று ஒரு தாளின் இரு பக்கமும் நிரம்பின. மேட்டுப்பாளையத்திலிருந்து மலை இரயிலில் ஏறுவதா பேருந்தில் ஏறுவதா என்பதைப் பற்றி மட்டும் அரைநாள் வாதிட்டோம். 46 கிலோமீட்டர் நீளமுள்ள அவ்விருப்புப்பாதை 1899-இல் குன்னூர் வரையிலும் 1908-இல் உதகை வரையிலும் திறக்கப்பட்டது என்ற வரலாறும் தாளின் ஓரத்திற் குறிக்கப்பட்டது.

மாலையில் அத்தாளோடு ஏரிக்கரைக்குச் சென்றோம். அங்கே நெடுநாளாகத் தூண்டில் இட்டு வரும் முதியவர் ஒருவர் அமர்ந்திருந்தார். யாம் மலைக்கு மீன் பிடிக்கப் போவதைக் கேட்டு அவர் நகைக்கவில்லை. “தம்பிகளே, அந்த மீன் என்ன தின்னும்? எந்த நேரத்தில் மேலே வரும்? எதைக் கண்டால் ஓடும்?” என்று மூன்று வினாக்களை மட்டும் கேட்டார். எம்மில் ஒருவர்க்கும் விடை தெரியவில்லை. யாம் எழுதிய தாளில் எம்மைப் பற்றிய செய்தி யாவும் இருந்தன. மீனைப் பற்றிய செய்தி ஒன்றும் இல்லை. அன்றிரவே அத்தாளைக் கிழித்துவிட்டு, மீனிலிருந்து தொடங்கும் வேறொரு திட்டம் எழுதத் தொடங்கினோம். இக்கட்டுரை சொல்ல விரும்பும் செய்தியும் அதுவே: தூண்டிற் பயணத்தின் காலம், இடம், கருவி, அளவு ஆகிய எல்லாம் மீனின் இயல்பிலிருந்து பெறப்பட வேண்டும்.

மீன் வந்த வரலாறு

நீலகிரியில் வாழும் டிரவுட் அம்மலைக்குப் பிறவி உரிமை உடையது அன்று. வானவில் டிரவுட் எனப்படும் இம்மீனின் தாயகம் வட அமெரிக்காவின் மேற்குக் கரையாறுகளும் ஆசியாவின் வடகிழக்கு மூலையிலுள்ள கம்சத்கா நாடுமாம். அதன் விலாவில் தலை முதல் வால் வரை இளஞ்சிவப்பு வரையொன்று ஓடும். முதுகிலும் வாலிலும் கரும்புள்ளிகள் பரந்திருக்கும்.

இந்நாட்டில் வந்து தங்கிய ஆங்கிலேயர் தம் நாட்டு ஓடைகளையும் அவற்றின் மீனையும் மறவாராய், நீலகிரியின் குளிர்ந்த ஓடைகளில் டிரவுட்டை வளர்க்க விழைந்தனர். சென்னைப் படையின் மருத்துவராயிருந்து, பின்னர் இந்திய மீன்களைப் பற்றிப் பெருநூல் வரைந்த பிரான்சிஸ் டே என்பார் 1860-களில் முதன் முயற்சி செய்தார். அது கைகூடவில்லை. மீனை உயிரோடு கொணர்தல் அரிது. முட்டையாகக் கொணர்வதற்கும் குளிர் வேண்டும். 1864-இல் நார்போக் என்னும் கப்பலில், பனிக்கட்டியின் நடுவே ஈரப்பாசியிற் பொதிந்து அனுப்பிய முட்டைகள் இங்கிலாந்திலிருந்து ஆஸ்திரேலியாவையும் டாஸ்மேனியாவையும் உயிரோடு அடைந்தன. முட்டையைக் குளிர்வித்தால் அதனுள் வளரும் கரு மெல்ல வளரும். பயணம் முடியும் வரை பொரியாது. இம்முறை தெளிந்த பின்னரே உலகின் பல மலைகளுக்கு டிரவுட் சென்றது. 1880-களில் இலங்கையின் நுவரெலியாவிலும், 1900-இல் காஷ்மீரத்திலும் அது குடியேறியது. சென்னை அரசாங்கத்தின் மீன்வளர்ப்பு வல்லுநராயிருந்த ஹெச். சி. வில்சன் என்பார் 1906-இல் தொடங்கிச் சில ஆண்டுகள் உழைத்து, வானவில் டிரவுட்டை நீலகிரியில் நிலைபெறச் செய்தார். அவலாஞ்சியில் முட்டை பொரிக்கும் பண்ணையும் அக்காலத்தில் அமைந்தது.

இவ்வரலாற்றுக்கு மற்றொரு பக்கமும் உண்டு. நீலகிரி வேட்டை விலங்கு, மீன் பாதுகாப்புச் சட்டம் 1879-இல் இயற்றப்பட்டது. அதனால் உயிரினங்கள் சில காக்கப்பட்டன என்பது மெய்யே. ஆயினும், தோடரும் கோத்தரும் படகரும் குறும்பரும் வழிவழியாக வாழ்ந்த மலையில், எந்த நீரில் யார் எப்பொழுது மீன் பிடிக்கலாம் என்பதைப் புதிதாக வந்தோர் வகுக்கும் நிலை அதனால் உண்டாயிற்று. யாம் பிடிக்க விழையும் மீன் ஒரு விருந்தாளி. அவ்விருந்தாளியை அழைத்தவர் அவ்வீட்டுக்கு உரியவர் அல்லர். இதனை நினைவிற் கொண்டே மலையேற வேண்டும் என்று எம் குறிப்பேட்டின் முதற் பக்கத்தில் எழுதினோம்.

நீரின் இயல்பு

மயிலம் குன்றையும் செஞ்சிக் கோட்டை மலைகளையும் கண்டு வளர்ந்தவர்க்கு மலை என்பது வெயிலிற் காய்ந்த பாறையே. அங்கு டிரவுட் வாழாது. உதகையோ கடல்மட்டத்திற்கு ஏறக்குறைய 2,200 மீட்டர் உயரத்திலுள்ளது. 1,000 மீட்டர் ஏறுந்தோறும் வெப்பம் சுமார் 6½ செண்டிகிரேடு பாகை குறையும் என்பது பொது விதி. ஆகவே எம் ஊரினும் அங்கு ஏறத்தாழ 14 பாகை குளிர்ச்சி மிகும்.

வானவில் டிரவுட் 10 முதல் 18 பாகை வரை வெப்பமுள்ள நீரில் நன்கு வாழும். 20 பாகைக்கு மேல் அது இரையில் விருப்பம் குறையும். 25 பாகையை ஒட்டி உயிருக்கே இடையூறு நேரும். இதற்குக் காரணம் நீரிற் கரைந்துள்ள பிராணவாயு என்று பலரும் கூறுவர். அதனைச் சற்று ஆராய்ந்தோம். கடல்மட்டத்தில், ஒரு லிட்டர் நீர் 10 பாகை வெப்பத்தில் சுமார் 11 மில்லிகிராம் பிராணவாயுவைக் கொள்ளும். 30 பாகையில் சுமார் 7½ மில்லிகிராமே கொள்ளும். ஆனால் 2,200 மீட்டர் உயரத்திற் காற்றின் அழுத்தம் முக்கால் பங்கினும் சிறிதே மிகுதியாதலின், அங்குள்ள குளிர்நீர் கொள்ளத்தக்கது சுமார் 8½ மில்லிகிராம் மட்டுமே. எம் ஏரி நீர் கொள்ளத்தக்க அளவுக்கும் இதற்கும் வேறுபாடு சிறிதே.

அங்ஙனமாயின் டிரவுட் ஏன் எம் ஏரியில் வாழாது? விடை இரண்டு. முதலாவது, மீனின் உடல் வெப்பம் நீரின் வெப்பத்தையே பின்பற்றும். நீர் வெம்மையுறின் அதன் உடலுள் எல்லாச் செயல்களும் விரைந்து, பிராணவாயுத் தேவை மிகும். வரவு குறையச் செலவு பெருகும் குடும்பம் போல அது நலிவுறும். இரண்டாவது, மலையோடை பாறையில் மோதி நுரைத்து ஓடுவதால் இழந்த பிராணவாயுவை உடனுக்குடன் பெறுகின்றது. தேங்கிய ஏரியிலோ இரவு முழுவதும் செடியும் பாசியும் மீனும் அதனைச் செலவிட, விடியற்காலையில் மிகக் குறைந்த அளவே எஞ்சும். அந்நேரத்தில் மீன்கள் மேலே வந்து வாய் பிளப்பதை ஏரிக்கரையில் வளர்ந்தோர் அறிவர். எம் ஊர் விராலோ மேலே வந்து காற்றையே உட்கொண்டு வாழவல்லது. விராலுக்கு எளிதாகிய நீர் டிரவுட்டுக்குக் கல்லறையாம். டிரவுட்டின் குளிர்நீரில் எம் ஏரி விரால் செழிக்காது.

முட்டையிடுவதற்கும் அதற்கு ஓடுநீரே வேண்டும். பெண்மீன் பரற்கற்களை வாலால் விலக்கிக் குழி செய்து முட்டையிட்டு, மீண்டும் பரலால் மூடும். கற்களின் இடையே தூய நீர் ஓடிக்கொண்டிருந்தால், 10 பாகை வெப்பத்தில் ஏறக்குறைய ஒரு திங்களில் முட்டை பொரியும். கரையிலுள்ள மண் சரிந்து சேறு படிந்தால் முட்டை மூச்சற்று அழியும். இதனை அறிந்தபின், சோலைக்காடும் புல்வெளியும் நீலகிரி ஓடைகளுக்கு ஏன் இன்றியமையாதன என்பது எமக்கு விளங்கிற்று. அவை மழையைப் பிடித்து வைத்து மெல்ல விடுகின்றன, மண்ணையும் காக்கின்றன.

காலமும் இடமும்

மீனின் இயல்பு தெரிந்தபின் நாள் குறிப்பது எளிதாயிற்று. ஜூன் முதல் ஆகஸ்டு வரை தென்மேற்குப் பருவமழை குந்தா மலைப் பகுதியில் மிக வன்மையாகப் பெய்யும். 2019 ஆகஸ்டு 8-ஆம் நாளோடு முடிந்த ஒரு நாளில் அவலாஞ்சியில் 80 செண்டிமீட்டருக்கு மேல் மழை பெய்தது. எம் மாவட்டத்தில் ஓராண்டு முழுவதும் பெய்யும் மழையோடு ஒப்பிட்டு நோக்கின் அதன் பெருமை விளங்கும். அத்தகைய நாளில் ஓடையருகே நிற்றல் அறிவுடைமையாகாது. குளிர்காலம் மீன் முட்டையிடுங் காலம். அப்பொழுது அதனை வருத்துதல் விதைநெல்லை உண்பது போலாகும். எஞ்சுவன பங்குனி, சித்திரையை ஒட்டிய திங்கள்களே. எம் கல்லூரி விடுமுறையும் அதனோடு இயைந்தது பெரும்பேறு.

இடத்தைப் பொறுத்தவரை, அவலாஞ்சியும் எமரால்டும் உதகைக்குத் தென்மேற்கே உள்ளன. 1823-இல் நிகழ்ந்த பெரியதொரு நிலச்சரிவே அவலாஞ்சி என்னும் பெயருக்குக் காரணம் என்பர். குந்தா மின்திட்டத்தின் அணைகள் 1960-களில் அங்கே எழுந்தன. மேற்கே முக்குருத்தி மலைப்பகுதி வரையாட்டின் உறைவிடம். 1990 முதல் அது தேசியப் பூங்கா. தேசியப் பூங்காவினுள் தூண்டில் எடுத்துச் செல்லும் எண்ணத்தையே விட்டுவிட வேண்டும். மற்ற நீர்களிலும் உரிய அனுமதியின்றி மீன் பிடித்தல் குற்றமாம். ஆதலின் உதகையை அடைந்ததும் யாம் செய்யும் முதற்செயல் மீன்வளத் துறை அலுவலகம் சென்று, எந்த நீரில், எத்தனை நாள், எத்தனை மீன் என்பதைக் கேட்டு அனுமதிச் சீட்டுப் பெறுவதே. வனத்துறையின் இசைவு வேண்டும் இடமாயின் அதனையும் பெற வேண்டும். இவை கிட்டாவிடின் தூண்டிலை உறையினின்றும் எடுப்பதில்லை என்று ஐவரும் உறுதி செய்தோம்.

2024 மே திங்களில் நீலகிரிக்கு வரும் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் முறை ஏற்படுத்தப்பட்டது. யாமோ அரசுப் பேருந்திற் செல்வதாக முடிவு செய்தோம். கூட்டத்தில் மேலும் ஒரு வண்டியைச் சேர்க்காதிருத்தலும் ஓடைக்குச் செய்யும் ஓர் உதவியன்றோ?

கோலும் பொய்யீயும்

எம் ஏரியில் இடும் தூண்டிலில் கோல், நரம்பு, தக்கை, முள், முள்ளிற் கோத்த மண்புழு என்பன உறுப்புகள். முள்ளும் ஈயக் குண்டும் கனமுடையன. அக்கனமே நரம்பை இழுத்துச் சென்று நீரில் விழும். பொய்யீத் தூண்டிலில் இம்முறை தலைகீழாக உள்ளது. இறகும் நூலும் கொண்டு முள்ளின் மேற் கட்டிய பொய்யீ மயிரெடையினும் சிறிதே மிக்கது. அதனைக் கல்லைப் போல எறிய இயலாது. ஆகவே கயிறே கனமுடையதாகச் செய்யப்படுகின்றது. கோலைப் பின்னே வீசி, கயிறு முழுவதும் பின்புறம் நீண்டு விரியும் வரை ஒரு கணம் நிறுத்தி, பின் முன்னே வீச வேண்டும். கயிறு சாட்டை போல அலைந்து முன்னே விரியும். அதன் முனையிற் கட்டிய மெல்லிய நரம்பும் பொய்யீயும் கடைசியாக நீர்மேல் மெல்ல அமரும்.

இக்கலை மிகப் பழையது. கி.பி. 200-ஐ ஒட்டி வாழ்ந்த ஈலியன் என்பார், மக்கெதோனியா நாட்டார் செந்நிறக் கம்பளி நூலை முள்ளிற் சுற்றி, சேவலின் கழுத்தடி இறகு இரண்டைச் சேர்த்து, ஆறடிக் கோலும் ஆறடிக் கயிறும் கொண்டு புள்ளி மீன்களைப் பிடித்தமையை எழுதியுள்ளார். இங்கிலாந்தில் 1653-இல் ஐசக் வால்டன் தூண்டில் நூல் ஒன்றை வெளியிட்டார். 1676-இல் சார்லஸ் காட்டன் அதனோடு பொய்யீ பற்றிய பகுதியைச் சேர்த்தார். நம் நாட்டிலோ, சென்னை அரசாங்க அலுவலராயிருந்த ஹென்றி சல்லிவன் தாமஸ் 1873-இல் இந்தியத் தூண்டில் பற்றி ஒரு நூலும், 1887-இல் நம் ஏரி குளங்களில் தூண்டில் இடுதலைப் பற்றியே தனியாக வேறொரு நூலும் எழுதினார். ஏரித் தூண்டிலுக்கென்று ஒரு நூல் உண்டு என்பதைக் கேட்டு அம்முதியவர் பெரிதும் மகிழ்ந்தார்.

எமக்குக் கோல் கிடைத்த வகையும் கூறத்தக்கது. எம் கல்லூரியில் முன்னாளில் பணியாற்றிய ஆசிரியர் ஒருவர் விட்டுச் சென்ற கோல் ஓர் அலமாரியின் பின்னே கிடந்தது. மூங்கிலை ஆறு கீற்றுகளாக அரிந்து ஒன்றாய் ஒட்டிச் செய்தது அது. இக்காலத்தார் பெரும்பாலும் கரிநாரால் ஆன கோலையே ஏந்துவர். எமக்கு அதனை வாங்கும் வசதி இல்லை. ஐவர்க்கும் கோல் இரண்டே. முறைவைத்துப் பிடிக்க வேண்டும்.

டிரவுட் உண்பது எது என்னும் முதல் வினாவுக்கும் விடை கண்டோம். நீரினுட் கற்களின் அடியில் வாழும் பூச்சிப் புழுக்களே அதன் பெரும்பாலான உணவு. அவற்றுட் பல, இறகு முளைக்குங் காலத்து மேலே எழுந்து, ஓரிரு நாள் வாழ்ந்து மடிவன. மழை கழிந்த மாலையில் நம் ஊர்ப் புற்றினின்றும் எழும் ஈசலை ஒத்தன. ஈசல் ஏரியில் விழும்பொழுது கெண்டைகள் துள்ளுவதைக் கண்டோர்க்குப் பொய்யீயின் கருத்தை விளக்க வேண்டுவதில்லை. நீர்மேல் மிதப்பது ஒருவகைப் பொய்யீ. நீரினுள் அமிழ்வது மற்றொரு வகை. ஓடையை அடைந்தவுடன் கல்லொன்றைப் புரட்டி, அடியில் ஒட்டியுள்ள பூச்சியின் நிறமும் அளவும் நோக்கி, அதற்கேற்ற பொய்யீயைத் தெரிந்தெடுத்து, கல்லை முன்போலவே வைத்துவிட வேண்டும்.

எதைக் கண்டால் மீன் ஓடும் என்னும் வினாவுக்கு விடை ஒளிநூலிற் கிடைத்தது. நீரின் அடியிலுள்ள மீனுக்கு மேலுலகம் முழுவதும் ஒரு வட்டச் சாளரத்தினுள் அடங்கித் தோன்றும். அச்சாளரத்தின் விரிகோணம் சுமார் 97 பாகை. அதன் விட்டம் மீன் இருக்கும் ஆழத்தைப்போல் ஏறக்குறைய 2¼ மடங்கு. நிமிர்ந்து கரையில் நிற்பவன் உருவம் அதன் விளிம்பில் தோன்றும். குனிந்து தாழ்ந்து வருபவன் பெரும்பாலும் மறைவான். அன்றியும் மீன், வரும் இரையை எதிர்நோக்கி, நீரோட்டத்திற்கு எதிர்முகமாகவே நிற்கும். ஆகவே கீழ்ப்புறத்திலிருந்து, அதன் வாற்பக்கமாக, தாழ்ந்து, நிழல் நீரில் விழாதவாறு அணுக வேண்டும்.

இதனைக் கற்றபொழுது எமக்குப் பெரும்பாணாற்றுப்படை நினைவுக்கு வந்தது. நெடிய மூங்கிற் கோலையுடைய பாண்மகனின் தூண்டிலில் இரையைப் பற்றித் தப்பிய வாளைமீன், நீரருகே உள்ள பிரம்பின் அசையும் நிழலைக் கண்டும் அஞ்சுவதாகக் கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடியுள்ளார். வகுப்பில் அதனைப் படித்தபொழுது அழகிய கற்பனை என்று மட்டுமே கொண்டோம். கரையில் நின்று கண்டவன் எழுதியது அது என்பதை இப்பொழுதே உணர்ந்தோம்.

ஏரிக்கரைப் பயிற்சி

கோலை எடுத்தவுடன் கலை வந்துவிடாது. முள் இல்லாத கயிற்றோடு நாள்தோறும் மாலையில் ஏரிக்கரையிற் பழகினோம். கரையில் முறம் ஒன்றை வைத்து, நாற்பதடித் தொலைவிலிருந்து நூல்முனை அதனுள் விழுமாறு வீச வேண்டும் என்பது பயிற்சி. முதல் நாள் நூல் வேலமரத்திலும், எம்முள் ஒருவர் காதிலும், ஒருமுறை மேய்ந்துகொண்டிருந்த ஆட்டின் கொம்பிலும் சிக்கியது. முறத்தில் மட்டும் விழவில்லை. மூன்றாம் நாள் முதியவர் கோலை வாங்கி இருமுறை வீசினார். மூன்றாம் முறை நூல் முறத்தில் அமர்ந்தது. “கையால் வீசுகிறீர்கள். கோல் வீசட்டும், நீங்கள் நிறுத்தினால் போதும்” என்றார். வலிமையினும் நிறுத்தமே வேண்டும் என்பதை யாம் உணர ஒரு வாரம் சென்றது.

அவ்வேரியின் மேல்நீரில் வெப்பமானி வைத்துப் பார்த்தோம். நண்பகலில் 31 பாகை காட்டியது. அன்று முதியவர் பிடித்த மீன் பன்னிரண்டில் ஒன்பது ஜிலேபிக் கெண்டை. முன்னாளில் கெளுத்தியும் குறவையும் உளுவையும் மிகுதி என்று அவர் கூறினார். ஜிலேபியும் ஆப்பிரிக்காவினின்றும் வந்த மீனே. 1952-இல் இந்தியாவிற்குக் கொணரப்பட்டது. இரு விருந்தாளிகளையும் ஒருங்கே நோக்கினோம். மலைக்கு வந்தது குளிரையும் தூய்மையையும் நம்பி, பண்ணையின் துணையோடு வாழ்கின்றது. ஏரிக்கு வந்ததோ எவ்வகை நீரிலும் பெருகி, வீட்டாரை மூலையில் ஒதுக்கிவிட்டது. மீனை ஓரிடத்தில் விடுவது ஒரு கணத்தின் செயல். அதன் பயன் நூறாண்டு தொடரும்.

எழுந்த வினா

திட்டம் ஏறக்குறைய முடிந்த நாளில் எம்முள் ஒருவர் நெடுநேரம் பேசாதிருந்து, “உண்பதற்கு மீன் இவ்வேரியிலேயே உண்டு. 400 கிலோமீட்டர் சென்று, ஓர் உயிரை விளையாட்டாக வருத்துதல் தகுமோ?” என்று வினவினார். அவர் மீன் உண்ணாதவர் அல்லர். ஆகவே அவ்வினாவை எளிதில் தள்ள இயலவில்லை.

பேதுரு மீன் பிடித்தவரன்றோ என்றார் ஒருவர். நற்செய்தி நூல்களில் மீன் பிடித்தல் பெரும்பாலும் வலையால் நிகழ்ந்தது; தூண்டில் வருமிடம் மத்தேயு 17-ஆம் அதிகாரம் ஒன்றே; அங்கும் வரி செலுத்தவேண்டிய தேவை பற்றியே ஆண்டவர் பேதுருவைத் தூண்டில் இடுமாறு கூறினார்; விளையாட்டின் பொருட்டன்று என்று நண்பர் விடை கூறினார். பிடித்தவற்றை உயிரோடு விட்டுவிடுவோம் என்றார் மற்றொருவர். நெடுநேரம் போராடிக் களைத்த மீன், வெம்மையான நீரில் விடப்பட்டால், நீந்திச் சென்ற பின்னரும் இறத்தல் கூடும் என்பதை யாம் படித்திருந்தோம். முதியவரைக் கேட்டபொழுது, “விடுவதற்காக ஏன் பிடிப்பது? உண்பதற்குப் பிடி; உண்ணும் அளவுக்குப் பிடி” என்றார்.

இறுதியில் யாம் வகுத்துக்கொண்ட விதிகள் இவை. சீட்டு எத்தனை மீனை அனுமதித்தாலும், ஒருவர்க்கு ஒரு மீனுக்கு மேல் இல்லை. பிடித்த மீனை உடனே துன்பமின்றிக் கொன்று, அன்றைய உணவாகக் கொள்ள வேண்டும். சிறு மீன் பட்டால் நனைந்த கையால் நீருக்குள்ளேயே முள்ளை நீக்கிவிட வேண்டும். அதற்காக முள்ளின் எதிர்க்கொக்கியை முன்னரே நசுக்கி வைக்க வேண்டும். ஓடை நீர் 20 பாகைக்கு மேற்படின் அன்று தூண்டில் இல்லை. யானையும் காட்டெருமையும் புழங்கும் இடமாதலின் மாலைக்கு முன் திரும்ப வேண்டும். அட்டைக்கு உப்பும், குளிருக்குக் கம்பளியும் கொள்ள வேண்டும். அறுந்த நரம்பில் ஒரு விரற்கடையும் அங்கே விடலாகாது.

வினா எழுப்பிய நண்பர் இவ்விதிகளாலும் மனநிறைவு எய்தவில்லை. ஆயினும் அவர் எம்மோடு வர இசைந்தார், கோல் ஏந்தார். வெப்பமானியும் குறிப்பேடும் அவர் கையில் இருக்கும். நீர் வெம்மையுற்றது என்று அவர் கூறின் கயிற்றைச் சுருட்டிக்கொள்வது எம் கடன். தூண்டில் ஏந்தாத ஒருவர் கையில் அவ்வதிகாரம் இருத்தல் நன்று என்று எல்லோரும் ஒப்புக்கொண்டோம்.

முடிவு

இவ்வாறு ஒரு தாளில் முடிந்திருக்க வேண்டிய ஆயத்தம் ஒரு குறிப்பேட்டை நிரப்பியது. மீன் கிடைக்குமோ கிடையாதோ, பயணத்தின் ஒரு பகுதிப் பயனை யாம் கூட்டேரிப்பட்டிலேயே பெற்றுவிட்டோம். காணாத மலையோடையைப் பற்றி யாம் கேட்ட வினாக்களை, கண்ணெதிரே கிடந்த ஏரியைப் பற்றி அதுவரை ஒருநாளும் கேட்டதில்லை. அதன் நீர் எவ்வளவு வெம்மை, அதில் முன்பு எம்மீன் இருந்தது, இப்பொழுது இருப்பது யார் விட்டது, வரத்துக்கால்கள் எங்கே அடைபட்டன என்பவற்றை முதியவர் ஒருவரே அறிவார். அவர் அறிந்தவற்றை எழுதி வைத்தவர் எவரும் இல்லை. மலையினின்றும் மீண்டபின் எம் அடுத்த வேலை அதுவாகும்.

முதியவரிடம் விடை பெறச் சென்றபொழுது, அவர் கேட்ட மூன்று வினாக்களுக்கும் விடை கூறினோம். அவர் தலையசைத்து, “சரி, போய் வாருங்கள். அந்தத் தண்ணீர் எப்படி இருந்தது என்று வந்து எனக்குச் சொல்லுங்கள்” என்றார். அவர் மீனைப் பற்றிக் கேட்கவில்லை. நீரைப் பற்றியே கேட்டார். அன்பர்காள், இறைவன் அருளால் யாம் நலமே மீண்டு, அம்முதியவர்க்கும் உமக்கும் அந்நீரின் செய்தியைக் கூறும் பேறு பெறுவோமாக.